ஸ்கிரிப்ட் சார்

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலை டீக்கடையோரம், செல்போனில் படம் பிடித்து வந்த நீலத்திரையை ஒருவர் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரசித்துக்கொண்டிருந்தால் அவர்தான் ஸ்கிரிப்ட் சார். ஏதோ ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைக் கட்டி மேய்ப்பவர். “ஒரே வேலைய ரெண்டாந் தடவ கையால செய்யிறவன் மடையன்” என்பது அவர் கட்சி.

அந்த நீலத்திரைதான் பவர்ஷெல், கட்டளைகளை எழுதிவைத்து விண்டோஸை வேலை வாங்கும் கருவி. அது வந்தது 2006-இல். சாருக்குத் தெரிய வந்தது போன வருஷம். பேச்சைக் கேட்டால் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதோ என்று தோன்றும். யூடியூபைப் பார்த்து நாலு வரி எழுதி முதன்முதலாக ஓட்டியபோது, இங்கே ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை என்று சிவப்பு எழுத்து வந்து நின்றது. வீட்டு விண்டோஸை அப்படிப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். எக்ஸிகியூஷன் பாலிசியை மாற்றினால் திறக்கும். அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனார்.

முன்பெல்லாம் சாயங்காலம் லேபை ஒரு சுற்று வந்து ஒவ்வொரு மெஷினாக அணைப்பார். இப்போது ‘ஸ்டாப்-கம்ப்யூட்டர்’ என்று ஒரே வரி, எல்லாம் தானாக அணைகிறது. அணைந்ததா என்று பார்க்க ஒரு சுற்று வருகிறார். ஒன்று மட்டும் அணையாமல் கிடந்தால், காரணம் கண்டுபிடிக்க ராத்திரி எட்டு மணி வரை உட்காருவார். “நான் போய் ஆஃப் பண்ணிட்டு வந்துடட்டா சார்?” என்று உதவியாளர் பையன் கேட்டால் கெட்ட கோபம் வரும்.

அவருக்கு உயிர் ‘வாட்-இஃப்’. அழிக்கும் கட்டளையின் வாலில் அதைச் சேர்த்தால், எதையெல்லாம் அழிக்கப்போகிறேன் என்று பவர்ஷெல் சொல்லும், அழிக்காது. அருமையான ஏற்பாடு, சட்டசபைகளுக்கும் ஒன்று வாங்கிப் போடலாம். பழைய கோப்புகளைத் துடைக்க சார் எழுதிய ஸ்கிரிப்ட் தினமும் வாட்-இஃப்போடு ஓடுகிறது. வாலை வெட்ட மனசு வரவில்லை. என்னென்ன அழியும் என்ற பட்டியல் நாளுக்கொரு கோப்பாகச் சேர்ந்து டிஸ்க்கை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

புதுச்சேரி என்றால் பிரான்சில் ஒரு மச்சான் இல்லாமலா? லீவில் வந்தவர் லேப்டாப்பை நீட்டினார், மெதுவாக இருக்கிறதாம். “அஞ்சு நிமிஷம் மச்சான்!” பிரெஞ்சு கீபோர்டில் ‘க்யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ உட்கார்ந்திருந்தது. ஸ்கிரிப்டுக்கு மூச்சான பைப் கோட்டைக் காணோம். வலதுபக்க ஆல்ட்டோடு ஆறை அழுத்த வேண்டும் என்று தெரிவதற்குள் டிபன் ஆறிவிட்டது. பிறகு, பென் டிரைவில் கொண்டுவந்த தன் பிரம்மாஸ்திரத்தை ஏவினார். அது ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவைத் தேடியது. பிரெஞ்சு விண்டோஸில் அந்தக் குழுவுக்கும் பிரெஞ்சுப் பெயர்தான். சிவப்பாக, பிரெஞ்சிலேயே பதில் வந்தது.

“என்ன மச்சான் சொல்லுது?”

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லியாம் மாமா.”