வைரம் பாய்ந்த ரசிகர்

நம்மவர் வீட்டில் கார் எப்போதும் பனியில்தான் நிற்கும். காருக்கென்று கட்டிய கராஜுக்குள் ஒரு குட்டி லேத் இருக்கிறது, அதன்மேல் ஒரு பழைய போர்வை, சுவரோரமாக வரிசையாய் இழுப்பறைகள். ஒன்றைத் திறந்தால் பனாமா, இன்னொன்றில் தான்சானியா, கீழ் அறையில் கயானா. உலகத்துக் காடுகளெல்லாம் முக்கால் அங்குலச் சதுரமாக, ஐந்து அங்குல நீளமாக அறுபட்டு, பெயர்ச்சீட்டோடு படுத்திருக்கின்றன.

இவற்றுக்குப் பேனாக்கட்டை என்று பெயர். நடுவில் துளை போட்டு, பித்தளைக் குழாயைச் செருகி ஒட்டி, லேத்தில் சுற்றவிட்டு உளி பிடித்தால் ஒரு மாலைப் பொழுதில் பேனா தயார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓய்வு பெற்ற தாத்தாக்கள் நிறையப் பேர் இப்படிச் செய்து பேரன் பேத்திகளுக்குக் கொடுக்கிறார்கள். நம்மவர் அந்த ரகம் இல்லை. பேனா செய்வது ஒரு பொழுதுபோக்கு. பேனாக்கட்டை வாங்குவது முற்றிலும் வேறொரு பொழுதுபோக்கு. நியூ ஜெர்சியில் ஒருவர், டல்லாஸில் ஒருவர் என்று இந்த ரகத்தில் எனக்குச் சிலரைத் தெரியும். யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று எல்லோரையும் உருக்கி ஒருவராக வார்த்திருக்கிறேன்.

இந்தியக் கடைக்குப் போனால் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர் இவர். அந்தக் கைக்கு இணையத்தில் வேலையே இல்லாமல் போய்விட்டது. தட்டிப் பார்க்க முடியாது, மோந்து பார்க்க முடியாது, கனம் தெரியாது. இருப்பது ஒரே ஒரு படம். வீடு அடங்கிய பிறகு அந்தப் படத்தைத் திரை கொள்ளுமட்டும் பெரிதாக்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்காருவார். கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வரும்.

"தண்ணி தொட்டுத் துடைச்சுட்டு எடுத்திருக்கான்."

காய்ந்த கட்டையை அப்படியே படமெடுத்தால் எந்த மரமும் சோகை பிடித்த மாதிரித்தான் தெரியும். தண்ணீரோ ஸ்பிரிட்டோ தடவினால் இழையும் நிறமும் பளிச்சென்று எழும். பாலிஷ் போட்டபின் எப்படி இருக்கும் என்பதைத்தானே காட்டினோம் என்பார்கள் விற்பவர்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் நம்மவரிடம் நியாயம் பேச முடியாது. "பின்னாடி வெள்ளைத் தாளைப் பாருங்க. ரோஸ் அடிக்குதா இல்லையா? கலரை ஏத்திட்டான்." பார்த்தால் அடிக்கத்தான் செய்கிறது. இந்த மனிதரோடு உள்ள சங்கடமே இதுதான், பாதி நேரம் அவர் சொல்வது சரியாக இருந்துவிடும்.

நிறத்தை நம்பி வாங்குவதே வீண் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. பர்ப்பிள்ஹார்ட் அறுத்த புதிதில் மங்கிய பழுப்பாகத்தான் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டு ஊதாவாகி, பல வருஷம் போனபின் மறுபடி பழுப்புக்குத் திரும்பிவிடும். குங்குமம்போல் வருகிற ஆப்பிரிக்கப் படாக், வெயிலில் கிடந்தால் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்து சேரும். இவ்வளவும் தெரிந்தவர் எதற்காகத் தாளின் ரோஸ் நிறத்துக்குச் சண்டை பிடிக்கிறார் என்று கேட்கக் கூடாது.

படத்தோடு விடமாட்டார். விற்பவருக்குக் கடிதம் எழுதுவார். இது இதே கட்டையின் படமா, மாதிரிக்குப் போட்ட படமா? குறுக்குவெட்டு முகத்தை இன்னொரு படம் எடுத்து அனுப்ப இயலுமா? ஈரப்பதம் எத்தனை சதவீதம்? வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு? ஒருமுறை ஒரு வியாபாரி ஒரே வரியில் பதில் போட்டார்: "ஐயா, இது ஐந்து டாலர் கட்டை."

ஐந்து டாலர் என்பதும் ஒரு கணக்குத்தான். அமெரிக்காவில் மரத்தை ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அங்குல கனம் என்று ஓர் அளவு வைத்து விற்பார்கள். அதில் ரம்பம் தின்பதை விட்டுவிட்டால் ஐம்பத்தொரு பேனாக்கட்டை தேறும். அதாவது அந்த ஓரடிப் பலகைக்கு நம்மவர் இருநூற்றைம்பது டாலருக்கு மேல் கொடுக்கிறார். இத்தனைக்கும் பல கட்டைகள், கிதாரோ கத்திப்பிடியோ செய்கிறவர்கள் கழித்துப்போட்ட துண்டுகள்தாம். இந்தக் கணக்கைப் போட்டவரும் நம்மவர்தான். போட்டு முடித்த தாளைக் கிழித்துவிட்டார். வீட்டம்மாவுக்கும் கணக்கு வரும்.

பொட்டலம் வந்த அன்று, "என்னங்க, உங்க விறகு வந்திருக்கு" என்று குரல் கேட்கும்.

அதன்பிறகு பிள்ளைகள்கூட கராஜ் பக்கம் போவதில்லை. முதலில் கட்டையின் இரண்டு முனைகளையும் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். மயிரிழை விரிசல் எப்போதும் முனையில்தான் கிளம்பும், ஏனென்றால் மரம் காய்வதே அங்கே வேகமாக. சுற்றிலும் மெழுகு பூசியிருந்தால் முகம் சுருங்கிவிடும். மெழுகு பூசிய கட்டைக்குள் பெரும்பாலும் ஈரம் இருக்கும். அவசரப்பட்டுக் கடைந்தால் பேனா ஆனபின் வெடிக்கும். அதனால் மெழுகைச் சுரண்டி, சமையலறைத் தராசில் வைத்து நிறுத்து, எடையை ஒரு நோட்டில் குறிப்பார். அடுத்த வாரம் மறுபடி. எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போதுதான் கட்டை காய்ந்ததாக அர்த்தம். முறை சரியானதுதான், பழகிய கடைசல்காரர்கள் செய்வதுதான். ஆனால் தீபாவளி மைசூர்பாகுக்குக் கடலைமாவு நிறுக்கத் தராசைத் தேடினால், அதன்மேல் கயானாவிலிருந்து வந்த பாம்புமரம் படுத்திருக்கிறது. அந்த மரம் காயும்போது விரிசல் விடுவதில் பேர்போனது, தொந்தரவு செய்யக் கூடாதாம். அந்த வருஷம் மைசூர்பாகு கைக்குத்துமதிப்பில் கிண்டப்பட்டது. அதில்தான் விரிசலே இல்லை, பல்லுக்குத்தான் வந்தது.

சான்றிதழோடு வரும் கட்டைகளுக்குத் தனி இழுப்பறை. பெத்லகேம் ஒலிவமரத்துக்குச் சான்றிதழ் உண்டு. விஸ்கிப் பீப்பாயிலிருந்து அறுத்த ஓக் உண்டு. அதைக் காட்டுமுன் தானொருமுறை மோந்துகொள்வார். எல்லாவற்றுக்கும் மேலே நியூசிலாந்துச் சதுப்பில் புதைந்து கிடந்த கவுரி மரம். 40,000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்கடியில் அழுகாமல் காத்திருந்த மரம் அது. இப்போது நம்மவர் இழுப்பறையில் காத்திருக்கிறது. பழக்கப்பட்ட மரம், கஷ்டம் தெரியாது.

"ஏங்க, இந்தக் கட்டை வேகறதுக்குள்ள ஒரு பேனாவாவது கண்ணுல காட்டுவீங்களா?" என்று வீட்டம்மா கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்துச் சதுரம் வரைந்தார், அதற்குள் பெரிய வட்டம், அதற்குள் சின்ன வட்டம். கட்டை பத்தொன்பது மில்லிமீட்டர் சதுரம். சாதாரணப் பேனாவுக்கு நடுவில் ஏழு மில்லிமீட்டர் துளை. வெளியே கடைந்து கடைந்து பதினோரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். மிஞ்சுவது இரண்டு மில்லிமீட்டர் தோல், மொத்த மரத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நாம் படத்தில் பார்த்த மேற்பரப்பு முழுக்கச் சீவலாகப் போய்விடும். குறுக்குவெட்டில் பார்த்த நடுப்பகுதி துளையோடு போய்விடும். பேனாவாக நிற்கப்போவது இதுவரை யாருமே பார்க்காத ஒரு வளையம்.

"அதுல என்ன இருக்குன்னு கடைஞ்சாத்தான் தெரியும்" என்றார்.

"அப்ப கடைய வேண்டியதுதானே?"

"கடைஞ்சுட்டா தெரிஞ்சுடுமே!"

இதற்கு அந்த அம்மாளிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

2017 ஜனவரியில் ஈட்டி மரப் பேரினத்தையே அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். கிளாரினெட் செய்கிற ஆப்பிரிக்கக் கருமரமும் அந்தக் குடும்பம்தான். எண்ணெய்ப் பிசுக்கால் பசை ஒட்டாமல் படுத்துகிற, தூள் பட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகிற கோகோபோலோவும் அதே குடும்பம். காடுகள் பிழைக்கட்டும் என்று போட்ட கட்டுப்பாடு அது. நம்மவருக்கு மட்டும் "சீக்கிரம் வாங்கு" என்று கேட்டது. அந்தக் குளிர்காலத்தில்தான் காரை வெளியே நிறுத்தத் தொடங்கினார்.

அவர் வாங்கியதில் ஒன்று 'கிழக்கிந்திய ரோஸ்வுட்' என்ற பெயரில் வந்தது. நம் ஊர் ஈட்டிதான், தோதகத்தி. அதன் வாசனை மூக்கில் ஏறியதும் பாட்டி வீட்டுக் கட்டில் ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவுக்கு உடனே போன். கட்டிலை மாமா கொண்டுபோயிருந்தார். "அப்ப அந்தக் கருங்காலி உலக்கை?" என்று இவர் கேட்க, மிக்ஸி வந்த வருஷமே பழைய சாமான்காரனிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் வாளி வாங்கியதாக அம்மா சொன்னார். நாலரை அடி உலக்கை. அதில் எத்தனை கட்டை அறுத்திருக்கலாம் என்று இரவு முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறார். காலையில் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

ஊரில் கருங்காலி மாலை மோகம் வந்தபோது அவருக்கு மவுசு கூடியது. "மாமா, இது ஒரிஜினலா பாருங்க" என்று அக்கா பிள்ளைகள் வாட்ஸப்பில் படம் அனுப்புவார்கள். முதலில் எந்தக் கருங்காலி, எபனியா, கருவேல இனத்து மரமா என்று ஆரம்பிப்பார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் சாயம் ஏற்றினது கறுப்பு விடும் என்பார். உடனே, சாயமே ஏற்றாத படாக்கும் கோகோபோலோவும்கூட நிறம் விடும், ஆகவே பஞ்சையும் நம்பாதே என்பார். பதினேழு நிமிஷக் குரல்பதிவு. பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டு மாலையைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. புதிதாக வாங்க வேண்டுமானால் பழையதில் கொஞ்சம் விற்க வேண்டும். நம்மவர் தலையசைத்துவிட்டு, மனசில்லா மனசோடு ஒரு பொகோட்டே கட்டையை எடுத்தார். வெள்ளைத் தாளில் வைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு தடவு தடவிப் படமெடுத்தார். "இழை தெரியணும்ல?" என்றார் என் முகத்தைப் பாராமல்.

விலையை யாரும் வாங்க முடியாத உயரத்தில்தான் வைத்தார். ஆனாலும் அமெரிக்கா பெரிய தேசம், மறுநாளே ஒருவர் பணம் கட்டிவிட்டார். நம்மவர் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது முகத்தில் வருத்தமும் நிம்மதியும் கலந்திருந்தன. இடது முனையில் மயிரிழை விரிசல் ஒன்று இருப்பதாகவும், இப்படிப்பட்ட கட்டையை அனுப்பத் தம் மனச்சாட்சி இடம்தரவில்லை என்றும், பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகவும் கடிதம் எழுதினார்.

அந்த மனிதர் பத்து நிமிஷத்தில் பதில் போட்டார். பரவாயில்லை, விரிசலில் சூப்பர் க்ளூ விட்டுக்கொள்கிறேன், சனிக்கிழமைக்குள் கடைந்துவிட வேண்டும், உடனே அனுப்புங்கள் என்று.

"சனிக்கிழமைக்குள்ளயா!" என்றார் நம்மவர். இப்போது அந்த ஆளிடம் எந்த லேத் இருக்கிறது, உளி தீட்டுவது எப்படி, இதற்குமுன் கடைந்த பேனாக்களின் படம் உண்டா என்று கேட்டு இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.