நந்திக்கு நேர்ந்த அலங்காரம்

பொங்கல் விடுமுறையில் தஞ்சை ஜில்லாவிலுள்ள பந்துமித்திரர்களைப் பார்த்துவர உத்தேசிக்கும் சென்னைவாசி, 60 நாள் முன்னதாகவே ரயில் முன்பதிவு திறக்கும் காலை 8 மணிக்குக் காத்திருந்து, சில நிமிஷங்களிலேயே காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறும் பாக்கியத்தை அடைந்து, முடிவில் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, பாதி வழி நின்றபடியே கும்பகோணம் போய்ச் சேருகிறான். செருப்பைக் கழற்றுமுன் சித்தி கேட்கிறாள்: "வாப்பா, எப்போ திரும்பணும்?"

பிறகு உபசாரம். சர்க்கரைப் பொங்கலை வேண்டாமென்றால் கர்வி, போதுமென்றால் வியாதியஸ்தன், வாயைத் திறக்காதிருந்தாலோ, நெய் சொட்டச் சொட்ட அடுத்த கரண்டி இலையில் விழுந்துவிடும்.

மாட்டுப் பொங்கலன்று தஞ்சைப் பெரிய கோயிலில், சுமார் 12 அடி உயரமுள்ள ஒற்றைக்கல் நந்தியைக் கத்தரிக்காய், பூசணி, வாழைப்பழம், பட்சணம் முதலியவற்றால் மூடி அலங்கரிப்பார்கள். நந்தி முனகாமல் ஏற்றுக்கொள்ளும். ஊர் திரும்பும் விருந்தாளிக்கும் ஏறத்தாழ அதே அலங்காரந்தான்: புத்தரிசி மூட்டை, மஞ்சள்கொத்து, பரங்கிக்காய், தோகையோடு கூடிய கரும்பு. நந்தியின் பாரத்தையாவது பக்தர்கள் பிரசாதமென்று அன்றே பங்கிட்டுக்கொள்கிறார்கள். இவனுடையதைத் தொடுகிறவர் கண்டக்டர் ஒருவரே. அதுவும், சென்னையில் வீதிக்கு வீதி விற்கிற அந்தக் கரும்புக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பதற்காக.