தனியோட்ட இயல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தனியாக ஓடுவதால் விளையும் நன்மைகளை அறிஞர் உலகம் இதுகாறும் நுரையீரலிலும் மன அமைதியிலும் தேடிவந்திருக்கிறது. தேடிய இடமே தவறு என்பது இக்கட்டுரையின் துணிபு. தலையாய நன்மை ஒன்றுதான்: பார்த்தவர் எவரும் இல்லை.

இதற்கான மூத்த சான்று கி.மு. 490-ஐச் சேர்ந்தது. பாரசீகப் படை மாரத்தானில் இறங்கியபோது, ஏதென்ஸ் நகரத்தார் உதவி கேட்டு ஒரு தூதனை ஸ்பார்ட்டாவுக்கு ஓடவிட்டார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். மறுநாளே போய்ச் சேர்ந்தான் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பௌர்ணமி வரை புறப்பட இயலாதென்று ஸ்பார்ட்டாக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆனால் திரும்பி வந்தவன் வேறொரு செய்தி சொன்னான். வழியில் மலைமேல் பான் என்னும் தெய்வம் தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததாம். உங்கள் ஊர்க்காரர்கள் என்னை ஏன் கவனிப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டதாம். ஊர் நம்பியது. அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் பானுக்குச் சன்னதியே அமைத்தது. கூட ஒருவன் ஓடியிருந்தால், “எந்தத் தெய்வம்? நீ பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டல்லவா இருந்தாய்!” என்று அடிக்கல்லையே பெயர்த்திருப்பான்.

எதிர்த்தரப்பும் சாமானியமானதன்று. சைக்கிள் பந்தய வீரர்கள் தனியே மிதிப்பதைவிட உடன் ஆள் இருக்கையில் வேகமாகப் போகிறார்கள் என்று நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898-இலேயே எழுதிவிட்டார். 2019 அக்டோபரில் வியன்னாவில், 41 பேர் முறைவைத்துச் சூழ்ந்து ஓட, கென்ய ஓட்டவீரர் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் முடித்தார். அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. அப்படி ஆள் மாற்றி மாற்றித் துணை ஓடியது காரணங்களில் ஒன்று. துணை வேகம் தரும், மறுக்கவில்லை. வேகத்தை யார் கேட்டது?

தி.நகர் நடேசன் பூங்காவுக்கு வருவோம். இருவராக வருபவர்களிடையே ரவுண்டுக் கணக்குத் தகராறு ஓய்வதே இல்லை. “சார், இது நாலாவதுதான்.” “அஞ்சு சார்!” தனியாக வருபவருக்கு அஞ்சு என்றால் அஞ்சு. வீட்டுக்குப் போகும் வழியில் அது ஆறாகிவிடுவதும் உண்டு.

ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் மிதவேகம், ஓரிரு சொல்லுக்கு மேல் வராவிட்டால் கடுவேகம் என்பார்கள் பயிற்சியாளர்கள். இந்தச் சோதனைக்குத் துணை வேண்டும்தான். ஆனால் அவருடைய மருமகன் பிளாட் வாங்கிய கதையைச் சதுர அடி விலையோடு கேட்டாக வேண்டும். தனியோட்டக்காரர் தமக்குத்தாமே பேசிப் பார்க்கலாம். எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழிவிடுவது உபரி லாபம்.

அடுத்து, தெருநாய். நாயைக் கண்டால் ஓடாதே, மெல்ல நட என்பது பெரியோர் அறிவுரை. ஓட்டத்தின் நடுவே இளைப்பாற இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது. நாய் தூங்கிக்கொண்டிருந்தாலும் விதி பொருந்தும் என்பது இந்த ஆய்வாளரின் உறுதியான கருத்து.

இத்துறைக்கு அண்மையில் நேர்ந்த இடையூறு கைபேசி. நாம் நின்றால் தானும் கணக்கை நிறுத்திக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. அந்த மட்டில் அது நம் கட்சி. ஆனால் போன தடத்தையெல்லாம் வரைபடத்தில் கோடாக இழுத்தும் வைத்துவிடுகிறது. டீக்கடை வாசலில் மட்டும் கோடு ஏன் இப்படிச் சிக்கிக் கிடக்கிறது என்று வீட்டில் கேட்கப்பட்டபோது, செயற்கைக்கோளின் பிழை என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. சட்டையிலிருந்த வடை எண்ணெய் குறித்த துணைக்கேள்விக்கு மேலாய்வு தேவைப்படுகிறது.