தூங்கவிடாத தலையணை

கேள்வி: டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ மாதிரி தலையணை சைஸ் நாவல்களை மெனக்கெட்டுப் படிக்கத்தான் வேண்டுமா?

பதில்: தலையணைதான், ஆனால் தூங்கவிடாது! 500க்கும் மேற்பட்ட பாத்திரங்கள், ஆளுக்கு இரண்டு மூன்று பெயர். தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்தில் நுழைந்த மாதிரிதான் முதலில் இருக்கும். போகப் போக எல்லோரும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

1805, ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களம். அடிபட்டு மல்லாந்து கிடக்கிறான் நாவலின் நாயகர்களில் ஒருவனான ஆந்த்ரேய். மேலே எட்டாத உயரத்தில் வானம், மெல்ல நகரும் மேகங்கள். அவன் மாவீரனாகக் கொண்டாடிய நெப்போலியனே பக்கத்தில் வந்து நிற்கிறான். அந்த வானத்துக்கு முன்னால் எவ்வளவு சின்ன மனிதன்! நெப்போலியன் ஜெயித்ததைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும். ஆந்த்ரேயோடு அத்தனை பக்கமும் கூடவே நடந்து வந்தவருக்குத்தான் அந்த வானம் தெரியும்.

கடைசியில் வரும் சரித்திரத் தத்துவத்தை வேண்டுமானால் இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினம் இருபது பக்கம் போதும், இன்றைக்கே ஆரம்பியுங்கள்.