பரோக் மாமா

திருகோணமலை உப்புவெளியில் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிறவனுக்கு ஐரோப்பிய ஓவியம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபேன் சுற்ற வேண்டும், பாத்ரூமில் தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான். எனக்குத்தான் அது போதவில்லை. பாத்ரூமில் தண்ணீர் ஒழுங்காக வராததும் ஒரு காரணம்.

இத்தாலிக்காரர் ஒருவர் வந்து தங்கினார். அவர் பைப்பைப் பற்றிப் பேச்செடுக்குமுன் நான் கலையைப் பற்றி எடுத்துவிட்டேன். "உங்கட ரெம்ப்ராண்ட் பெரிய ஆள்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில். மனிதர் மரியாதை தெரிந்தவர். ரெம்ப்ராண்ட் ஒல்லாந்தர், ஆயுளில் ஒருதரம்கூட இத்தாலிக்குப் போகாதவர் என்று மெதுவாகச் சொன்னார். ரெம்ப்ராண்டுக்கும் எனக்கும் உள்ள ஒரே ஒற்றுமை அதுதான்.

பிறகு பைப்பைப் பற்றியும் சொன்னார்.

இந்த மானக்கேட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உயர்தரத்தில் சித்திரம் எடுத்திருக்கும் மருமகள் கேட்டாள்: "மாமா, மறுமலர்ச்சிக்கும் பரோக்குக்கும் என்ன வித்தியாசம்?" தெரியாது என்று சொல்ல வாய் வருமா உங்களுக்கு? எனக்கும் வரவில்லை. "மறுமலர்ச்சியில உடுப்புக் குறைவு, பரோக்கில கூட" என்றேன். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைதான் என் முழு ஆதாரம்.

அவள் போனில் இன்னொரு தாவீதைக் காட்டினாள். பெர்னினி 1623–24இல் ரோமில் செதுக்கியது. வித்தியாசம் ஒரு துண்டுத் துணி.

ஆனால் அதை உற்றுப் பார்த்தபோது எனக்கே ஏதோ பிடிபட்டது. 1504இல் முடிந்த மைக்கலாஞ்சலோவின் தாவீது பதினேழு அடி உயரத்தில் நிற்கிறான். கவண் தோளில் கிடக்கிறது, புருவம் மட்டும் சுருங்கியிருக்கிறது. இன்னும் எறியவில்லை, யோசிக்கிறான். பெர்னினியின் தாவீதுக்கு யோசிக்க நேரமில்லை. உடம்பு முறுகி, உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுத்த நொடி கல் பறக்கப் போகிறது. கோலியாத்தைக் காணோம். நாம் நிற்கும் இடத்தில்தான் அவன் நிற்க வேண்டும். நான் என்னை அறியாமல் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

அந்த முகத்துக்கு பெர்னினி கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துச் செதுக்கினாராம். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. நானும் கண்ணாடிக்கு முன் நின்று உதட்டைக் கடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "பல்லுக் கொதியா?" என்றாள்.

அடுத்து இயேசுவின் கடைசி இராவுணவு. கத்தோலிக்க வீடுகளின் முன்னறையில் மாட்டியிருக்குமே, லியனார்டோவின் படம். நேரான மேசை, மும்மூன்றாகப் பிரிந்த சீடர்கள், நடுவில் இயேசு. சுவரின் கோடுகள் எல்லாம் அவர் தலையில் போய்ச் சேரும். மிலான் மடத்துச் சுவரில் அந்த இடத்தில் லியனார்டோ ஆணி அடித்த துளைகூட இருக்கிறது. இதே காட்சியை வெனிஸில் தின்தொரெத்தோ 1592–94இல் வரைந்தபோது மேசையைக் குறுக்கே சாய்த்துவிட்டார். பாதிப் படம் இருட்டு, விளக்குப் புகைக்குள் தேவதூதர்கள், முன்னால் பணியாட்கள், கூடைக்குள் எட்டிப் பார்க்கும் பூனை. "இதுதான் அசல் பரோக்!" என்றேன். "அவர் பரோக் இல்ல மாமா, இடையில மேனரிசம் எண்டு ஒண்டு இருக்கு" என்றாள். இரண்டையே சமாளிக்க முடியாதவனுக்கு மூன்றாவது.

விடுவேனா? கிழக்கு மாகாணத்தான் அல்லவா. "கூத்தில தென்மோடி, வடமோடி இருக்கில்ல? தென்மோடி மறுமலர்ச்சி. வடமோடி பரோக். ஆட்டமும் போரும்!" என்று கையைக் காலை எறிந்து விளக்கினேன். "அது ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்ல ஒரே காலத்தில ஆடுறது. இது ஒண்டுக்குப் பிறகு ஒண்டு" என்றாள். பிறகு என் கையையும் காலையும் பார்த்து எனக்கு ஒரு பெயர் வைத்தாள். தலைப்பில் இருப்பது அதுதான்.

பரோக் எல்லா நாட்டிலும் ஒரே பரோக் இல்லை என்பதையும் அவளே சொல்லித் தந்தாள். 1563இல் முடிந்த திரெந்து சங்கத்துக்குப் பிறகு, படம் பார்ப்பவன் மனம் உருக வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விருப்பம். கரவாஜியோ மாதாவின் முன் முழந்தாளிட்ட யாத்திரிகனின் ஊத்தைப் பாதத்தையே நம் முகத்துக்கு நேரே நீட்டி வரைந்தார். ஒல்லாந்தில் கல்வினியர் தேவாலயங்களுக்குப் படம் வேண்டாம். அங்கே ஓவியர்கள் வியாபாரிகளுக்கு விற்றார்கள்: சமையலறை, பாதி தோலுரித்த எலுமிச்சம்பழம், சங்கத்து ஆட்களின் கூட்டப் படம். ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' 1642. அதே ஒல்லாந்தர் நம் திருமலைக் கோட்டையைப் பிடித்தது 1639. இதை அந்த இத்தாலிக்காரரிடம் சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். அவர் போய்விட்டார்.

கோட்டையின் கதை அதற்கும் முந்தியது. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தார். அந்தக் கற்கள் கோட்டைக்குப் போயின. அதே ஆண்டில்தான் பெர்னினி, விரல்கள் இலைகளாக மாறும் டாப்னியைப் பளிங்கில் செதுக்கத் தொடங்கினார். அப்போது போர்த்துக்கலுக்கும் அரசர் ஸ்பெயினின் நான்காம் பிலிப்பு. அடுத்த வருடம் அவருடைய அரண்மனை ஓவியராகச் சேர்ந்தவர் வெலாஸ்குவெஸ். 1656இல் அவர் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' படத்தில், பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாக இரண்டு முகங்கள் தெரியும். அதில் ஒன்று அந்த பிலிப்புதான்.

போனில் அந்த முகத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கோணேசர் பக்தனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை, படம் அவ்வளவு அழகு. அதுதான் எரிச்சல்.

இவ்வளவும் படித்த பிறகு மருமகள் கேட்டாள்: "கோட்டை வாசல் கல்லில மீன் இருக்கே, பார்த்திருக்கிறீங்களா?" பாண்டியரின் இரட்டைக் கயல். எத்தனை வெள்ளிக்கிழமை அந்த வாசலால், திரும்பக் கட்டிய கோயிலுக்குப் போயிருப்பேன்! அங்கே மேயும் மான்களைத்தான் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு வாழைப்பழத் தோலும் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் திருமலைக்கு வந்தால் வாசலில் ஒரு நிமிசம் நின்று கல்லைப் பாருங்கள், மான் எங்கேயும் ஓடாது. விளக்கம் வேண்டுமென்றால் மருமகளிடம் கேளுங்கள். நான் பக்கத்தில் நின்றாலும் என்னிடம் கேட்காதீர்கள், சொல்லிவிடுவேன்.