முகமூடிக்குள் ஒரு கேப்டன்

கேள்வி: ஹாலோவீன் ராத்திரியில் ஒரே ஒரு திகில் படம்தான் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?

பதில்: சந்தேகமென்ன, ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978). இத்தனைக்கும் அதில் பேயே கிடையாது. கத்தியோடு ஓர் ஆள், அவ்வளவுதான். அவன் மாட்டியிருப்பது ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் ரப்பர் முகமூடி. மலிவாக வாங்கி, புருவத்தைப் பிய்த்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளையடித்துவிட்டார்கள். கதை நடப்பது இல்லினாயில், அக்டோபரில். எடுத்ததோ கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில். உதிர்ந்த இலைக்கு எங்கே போவது? பெயின்ட் அடித்த இலைகளைத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த தெருவில் கொட்டினார்கள். கதாநாயகி ஜேமி லீ கர்ட்டிஸ், ‘சைக்கோ’ படத்தில் நடித்த ஜேனட் லீயின் மகள். அந்தப் படத்தில் அம்மா குளிக்கப் போய் கத்திக்கு இரையானார். இதில் மகள், பிறத்தியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போய் மாட்டிக்கொண்டார். சத்தத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். கார்பென்டரே போட்ட அந்தப் பியானோ இசை இல்லாவிட்டால் பாதி பயம் போச்சு!