ஆணிமுத்து

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சிப்பி ஓய்ந்தாலும் குறையே இல்லாத ஆணிமுத்து மேல் உள்ள ஆசை ஓயவில்லை. கடலை விட்டு ஐந்தாம் வகுப்புக்குள் புகுந்துவிட்டது. என் மகள் அங்கேதான் படிக்கிறாள்.

வ.உ.சி.யின் 'காலியா' கப்பலைச் சார்ட்டில் வரைய வேண்டும். பத்து நாள் அவகாசம். முதல் நாள் சார்ட் வாங்கினோம். பிறகு ஒரு வாரம் பென்சில் சீவினாள். கேட்டால், "முனை சரியில்லப்பா."

ஒன்பதாம் நாள் ராத்திரி புகைபோக்கி வரைந்தாள். ஒரு நூல் சாய்ந்திருந்தது. அழித்தாள், வரைந்தாள், அழித்தாள். ஐந்தாவது தடவை சார்ட்டில் ஓட்டை. "வயிறு வலிக்குதுப்பா, நாளைக்கு லீவு போடுதேன்."

நான் விடுவேனா? "வ.உ.சி. 1906-ல கம்பெனி பதிவு பண்ணுனப்ப சொந்தக் கப்பலே கிடையாது. வாடகைக் கப்பல் எடுத்துக் கொழும்புக்கு ஓட்டுனாரு. அடுத்த வருசந்தான் சொந்தக் கப்பல். எல்லாம் சரியா அமையட்டும்னு உக்காந்திருந்தாரா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கும் ஒரு சார்ட்ட வாடகைக்கு எடுத்துத் தாங்க" என்றாள்.

"தப்பு வந்தா வரட்டும்மா" என்று வாய் சொல்லும்போதே என் கை பென்சிலை வாங்கிவிட்டது. கொடிமரத்தை மட்டும் நேராக்கத்தான். அரைமணி நேரத்தில் முக்கால் கப்பலை அழித்திருந்தேன். வெள்ளைக்காரனுக்கே அந்தக் கம்பெனியை மூடச் சில வருஷம் பிடித்தது.

என் அம்மா மக்ரூன் பொட்டலத்தோடு வந்தாள். "ஏல, பென்சில அவகிட்டக் குடு. 'அ' ஒழுங்கா வரலன்னு நாலு சிலேட்ட உடைச்சவன்தானே நீ!"

மகள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். மக்ரூன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பிழிந்த கூம்பு. ஒன்றுக்குக் கொண்டை இடப்பக்கம், ஒன்றுக்கு வலப்பக்கம், இன்னொன்றுக்குக் கொண்டையே இல்லை.

"எல்லாம் கோணலா இருக்கு ஆச்சி."

"நல்லா இல்லையா?"

வாய் நிறைய இருந்ததால் பதில் வரவில்லை.

பிறகு புகைபோக்கியைச் சாய்வாகவே வரைந்து, புகையையும் அதே பக்கம் சாய்த்தாள். "கச்சான் காத்து" என்றாள். ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டதும் அது கப்பல் ஜன்னல் ஆனது.

"ஒரே ஜன்னலா? வரிசையா ஆறு இருந்தா..." என்று இழுத்தேன்.

"அப்பா, நீங்க போய்ப் படுங்க."

படுத்துவிட்டேன். காலையில் சார்ட் பள்ளிக்கூடம் போய்விட்டது. ஜன்னல் ஒன்றுதான்.